மூன்றாம் தரப்பு

பட்டமளிப்புக்கு இன்னும் திகதி வரவில்லை.
அதற்குள்
ட்ரயலில் எட்டுப் போட்டு
கால் ஊன்றாமல் வந்துவிட்டேன்.

களுவாஞ்சிக்குடி, இன்சூரன்ஸ் கந்தோர்.
ஃபுல் கவருக்கு விலை கேட்டு
பேர்சை மூடினேன்.
"அப்ப தேர்ட் பார்ட்டி போடுவம்" என்றார் கோகுலரமணன்.
"இடிச்சா எதிரில வாறவருக்குத்தான் காசு.
உங்களுக்கு ஒண்டும் வராது, தங்கச்சி."

தொழில் என்ற கட்டத்தில் பேனை நின்றது.
ஃபேன் காற்று படிவத்தைத் தூக்கிப் பார்த்தது.
"இல்லை எண்டு போடுங்க."
நான் ஒரு கோடு மட்டும் இழுத்தேன்.

வெளியே அக்காவின் பழைய ஸ்கூட்டி,
சீற் முழுக்க வெயில்.
அட்டையை மடித்து அதற்கடியில் வைத்தேன்.

மறுகா எந்தப் பக்கம்?
கல்முனைக்கு ஒருதரம், மட்டக்களப்புக்கு ஒருதரம்
சிக்னல் போட்டுப் பார்த்தேன்.
பஸ்காரன் ஹோன் அடித்தான்.

எதிரில் வருகிற எல்லாரும்
என் காசில்
பத்திரமாக வந்துகொண்டிருந்தார்கள்.