மூன்றாம் எண் மரம்

பர்மா பஜாரில் ஷெரீப் கடை.
செல்போன் உறைகளுக்கும் சென்ட் பாட்டில்களுக்கும் நடுவே
இரண்டு கோல்ஃப் மட்டைகள், சுவரில் சாய்ந்து,
பஸ்ஸுக்கு நிற்கிற அண்ணன் தம்பி மாதிரி.
ஒன்று ஃபேர்வே வுட். மற்றது ஹைப்ரிட்.
என்னிடம் ஒன்றுக்குத்தான் காசு.

வுட் என்றால் மரம். தட்டிப் பார்த்தேன், எஃகு.
இதில் எனக்கு ஆச்சரியமில்லை.
காசிமேட்டில் என் மச்சான் இன்னும்
"மரம் கடலுக்குப் போயிருக்கு" என்கிறான்.
போயிருப்பது ஃபைபர் படகு.

ஃபேர்வே எனக்குத் தொழில் வார்த்தை.
இழுவைக் கப்பலில் பதினாறு வருஷம்.
துறைமுக வாய்க்கு வெளியே
பெரிய கப்பல்கள் தரை தட்டாமல் வருகிற வழி அது;
அதன் முனையில் ஒரு மிதவை
விடிய விடியக் கண் சிமிட்டும்.
புல்தரைக்கும் அதே பெயர் என்று
நாற்பது வயதில்தான் தெரிந்தது.

எங்களுக்குப் புல்தரை கிடையாது.
ஏலத்தில் எடுத்த ஒரு மூட்டைப் பந்தோடு ஆரம்பித்தது எல்லாம்.
திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டுக்குப் பின்னால்
பெயின்ட் டப்பா புதைத்த நாலு குழி.
லாரிச் சக்கரம் உழுத தடம், காய்ந்த உப்புச் சேறு,
ஆமணக்கு, சீமைக்கருவேலம்,
மூன்றாவது குழிக்குக் காவலாக ஒரு நாய், அதன் குட்டிகள்.
பந்து போய் உட்காரும் இடமெல்லாம் பள்ளம்.

"யோசிக்க இன்னா இருக்கு?" என்றாள் ரோசலின்,
கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் பில் போடுகிறவள்,
எங்கள் நாலு பேரில் ஆடத் தெரிந்த ஒருத்தி.
"வுட்டுக்குப் பந்து மேல நிக்கணும்,
தரையப் பெருக்குற மாதிரி அடிக்கணும்.
நம்ம தரையப் பெருக்குனா கல்லுதான் வரும்.
ஹைப்ரிட் தலை சின்னது. பள்ளத்துல பூந்து எடுத்துரும்."

வீட்டில் கேட்டேன். எமல்டா
தண்டையார்பேட்டை மார்க்கெட்டிலிருந்து
அப்போதுதான் பையை இறக்கியிருந்தாள்.
"ஹைப்ரிட்டா? ஒரு வாரம் தாங்கும், ருசி கேக்காத.
நாடுன்னா புளிப்பு இருக்கும், மூணாம் நாள் அழுகிடும்."
தக்காளியைச் சொன்னாள்.
மட்டையைப் பற்றி இதைவிடச் சரியாக
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஷெரீப் நல்லவன்.
"ஞாயித்துக்கிழமை ரெண்டையும் எடுத்துனு போ.
அடிச்சுப் பாரு. ஒண்ணைத் திருப்பிக் குடு."

ஹைப்ரிட்டில் பத்துக்கு எட்டு.
சேற்றிலிருந்து, தடத்திலிருந்து,
ஆமணக்கு வேரடியிலிருந்தும்கூட
எழும்பி, போய், சொன்ன இடத்தில் விழுந்தது.
ஒழுங்கான பிள்ளை.
அதில் ஒரு அடியும் ஞாபகமில்லை.

வுட்டிலும் பத்து.
மூன்று, பந்தின் உச்சந்தலையைச் சீவின.
நாலு மண்ணை வாரின, முட்டிவரை புழுதி.
ஒன்று வெறும் காற்று; நாய் குரைத்தது,
ரோசலின் சிரிக்கவில்லை, அதுதான் மோசம்.
ஒன்று எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது.
மிச்சம் ஒன்று

கிளம்பியது.
தாழ்வாக, வெகுநேரம் தாழ்வாக,
பிறகு ஏதோ நினைத்துக்கொண்டது போல் உயர்ந்து
நாலாவது குழியைத் தாண்டி
காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி
மூன்றடுக்குக் கன்டெய்னரின் மேலடுக்கில்
டங்
என்றது.
வாட்ச்மேன் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்.

ஹைப்ரிட்டை வாங்கினேன்.
மாதச் சம்பளக்காரன் வேறெதை வாங்குவான்.
ஷெரீப், சும்மா இருக்கட்டும் என்று
வுட்டின் உறையையும் கையில் திணித்தான்,
நீலக் கம்பளி, நெற்றியில் 3 என்று பின்னியது.
இந்தச் சின்னத் தலைக்கு அது தொளதொள.
நடக்க நடக்கக் கழன்று விழுகிறது.
நாய்க்குட்டி இருமுறை கவ்விக்கொண்டு ஓடிவிட்டது.

இரவுப் பணி. மிதவைக்குப் பக்கத்தில்
கப்பலுக்குக் காத்திருக்கிறோம்.
மேல்தளத்தில் என் இரண்டு கைகளும்
எதையோ பிடித்தபடி மெல்லப் பின்னால் போகின்றன.
"தோள் வலியா மேட்?" என்கிறான் இன்ஜின் பையன்.

பஜார் பக்கம் போனால் எட்டிப் பார்க்கிறேன்.
இன்னும் விற்கவில்லை. மொட்டைத் தலையோடு
சார்ஜர் வயர்களுக்கு நடுவே நிற்கிறது.
"இன்னா, அத்தக் கேக்க வந்தியா?" என்கிறான் ஷெரீப்.
பேட்டரி வாங்க வந்தேன் என்கிறேன்.

இந்த மாதத்தில் மூன்றாவது பேட்டரி.