வழிப் பாத்தியதை

தூதரகத்திலிருந்து வந்தவர்
மேசையில் விரித்த படத்தில்
கடலுக்கு மேலே ஒரு புள்ளிக்கோடு.
எதிராளி போட்டது. போன வருசத்தைவிட
ஒரு விரல் தெற்கே.
"எங்களைப் போல ஒரு பெரிய நாடு
இதுக்கு என்ன செய்யவேணும்?"
ஏசி என் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் நில அளவையாள், ஐயா.
எனக்குக் கடல் தெரியாது.
இணுவிலில் ஒரு ஒழுங்கை தெரியும்.

கனகசூரியர் மாரிக்கு மாரி
கதியாலை ஒரு சாண் அரக்கிப் போடுவார்.
பூவரசு வேர்விட்டால் அதுவே சாட்சி.
"அப்பு காலத்திலிருந்து இங்கைதானே நிக்குது."

முன்வீட்டு டொக்டரிடம் காசும் இருந்தது
கோபமும் இருந்தது.
புல்டோசர் வந்தது. வேலி போனது, ஒழுங்கை போனது,
பின்வளவுப் புஷ்பகாந்தியின் தண்ணிக் குழாயும் போனது.
இரண்டு பேரும் அவளிடம் தனித்தனியே வந்து சொன்னார்கள்:
"எல்லாம் உனக்காகத்தான், பிள்ளை."

அடுத்த ஒழுங்கையில் திலகேஸ்வரி ரீச்சர்.
அங்கும் வேலி நகர்ந்தது.
அவ சத்தம் போடவில்லை. சும்மா விடவுமில்லை.
பள்ளிக்கூடம் இல்லாத நாளிலும்
சைக்கிளை எடுத்து அந்த வழியே போனா.
ஒடுங்கின இடத்தில் மணி இரண்டு தரம்.
சீஆர் கொப்பியில் திகதி.
வேலிக்காரருக்குப் பொங்கலும் அனுப்பினா.

மல்லாகம் கோட்டுக்காக நான் சங்கிலி பிடித்தேன்.
அவவின் வேலியும் ஒரு மூலையில்
இரண்டு விரல் வெளியே.
சொல்லத் தயங்கினேன்.
அடுத்த நாள் போனபோது
அந்தக் கதியால்கள் பிடுங்கிக் கிடந்தன,
அவவின் கையில் பூவரசம் பால் கறை.
அதற்குப் பிறகுதான் நீதிபதி
கொப்பியை வாங்கி வாசித்தார்.

"எவ்வளவு காலம் எடுத்தது?"
பதினேழு வருசம்.
அவர் பேனாவை மூடினார்.
"எங்களுக்கு நாலு வருசத்துக்கு ஒரு தேர்தல், அம்மா."
உண்மைதான். ரீச்சருக்குத் தேர்தல் இருக்கவில்லை,
முழங்கால் வலி இருந்தது.

பொழுதுபடப் பண்ணைப் பாலத்தில்
காரை நிறுத்தச் சொன்னார். சோளகம்
அவருடைய கழுத்துப்பட்டியைத் தோளுக்கு மேலே எறிந்தது.
தண்ணீரில் வெள்ளைப் போத்தல்கள், ஒரு வரிசையாய்.
"அது என்ன எல்லை?"
நண்டு வலை, ஐயா. எமிலியானுசின்ரை.
விரலால் எண்ணினார். பதினொன்று.

பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவர்
நிமிராமலே சொன்னார்:
விடிய பன்னிரண்டு.