இரண்டு நான்

லாரிபுவாசியேர் மருத்துவமனையின் பக்கவாசல் வழியே
பன்னிரண்டரைக்கு வெளியே வருவோம்,
ஷகுஃப்தாவும் நானும்.
அவள் உருது, பஞ்சாபி. நான் தமிழ்.
எங்களுக்குள் பேசிக்கொள்வது பிரெஞ்சு,
இரண்டு பேருக்கும் இரவல் சட்டை.

ஆளுக்குப் பத்து யூரோ. அதுதான் சட்டம்.
கார் து நோரிலிருந்து ஃபோபூர் சென் தெனி தெரு இறங்கி
எட்டு மாதத்தில் இருபத்து மூன்று கடை
அவள் நோட்டில் ஏறிவிட்டது.
ஏழு: பருப்பு அருமை, பெஞ்சு ஆடுகிறது.
பன்னிரண்டு: சமோசாவுக்குள் பனிக்கட்டி.
பத்தொன்பது: முதலாளிக்கு எங்களைக் கண்டால்
டிவியின் சத்தத்தைக் கூட்டத் தோன்றும்.

எல்லாப் பலகையிலும்
இந்தியா, ஒரு சிறுகோடு, பாகிஸ்தான்.
பெயிண்டர் ஒரே இழுப்பில் இழுத்துவிட்டுப் போன கோடு.
உள்ளே போனால் முதலாளி சில்ஹெட்காரர்,
தந்தூர் அடுப்பில் நிற்பவர் பருத்தித்துறை.
"நான் குஜராத்" என்பாள் ஷகுஃப்தா.
"மோடியின் ஊரா?" என்பார் பக்கத்து மேசைப் பிரெஞ்சுக்காரர்.
"இல்லை, மின்விசிறி செய்யும் ஊர்" என்று
ஒவ்வொரு முறையும் சலிக்காமல் சொல்வாள்.

முதல்நாள் நான் சிரித்தது அவளுக்குப் புரியவில்லை.
"இரண்டு நான்" என்று பரிசாரகனிடம் கேட்டிருந்தாள்.
என் மொழியில் அப்படியென்றால்
இந்தக் கூடையில் நீ கேட்டது என்னை, அதுவும் இரண்டு,
வெண்ணெய் தடவி.

எங்கள் வேலைக்கும் ஒரு சட்டம் உண்டு.
"அவருக்கு வலிக்கிறதாம்" என்று சொல்லக் கூடாது.
நோயாளி "எனக்கு" என்றால் நாங்களும் "எனக்கு".
எனக்கு மூன்று முறை பித்தப்பைக் கல்,
எனக்கு இரட்டைப் பிள்ளை,
எனக்கு, மன்னிக்கவும், ஆண்மைக் குறைவு.
பழக்கம் சாப்பிடும்போதும் விடாது.
பதினாறாம் கடையில் பருத்தித்துறைக்காரர்
தமிழ் கேட்டு எட்டிப் பார்த்து,
"அக்கா, பிரியாணி வேண்டாம், நான் நேற்றுச் சமைச்சது" என்று
மெல்லச் சொல்ல,
அப்படியே பிரெஞ்சில் சொன்னேன்.
"நீயா சமைத்தாய்?" என்றாள் ஷகுஃப்தா,
கரண்டி பாதி வழியில்.

போன வியாழன் அவள் இருபது நிமிடம் தாமதம்.
குடை கையில் இருந்தும் நனைந்திருந்தாள்.
இருபத்து நான்காம் கடை. குழாயடியில் வெகுநேரம் கை கழுவினாள்.
பெயர் சொல்லவில்லை. சொல்லக் கூடாது.
"காலையில் எனக்கு நான்கு மாதம் என்றார்கள்" என்றாள்.
"'என் மகளிடம் யார் சொல்வது' என்று நான் கேட்டேன்.
டாக்டர் படுக்கையைப் பார்க்கவில்லை.
என் கண்ணைப் பார்த்தே பதில் சொன்னார்.
நான் தலையாட்டினேன்.
நான் எதற்குத் தலையாட்ட வேண்டும்?"

எனக்குப் பதில் தெரிந்திருக்கலாம்,
பிரெஞ்சில் கிடைக்கவில்லை.

பரிசாரகன் வந்தான்.
காரம் எவ்வளவு என்றான், கொஞ்சமா, நடுத்தரமா?
"நிறைய" என்றாள்.
அன்று அவள் தனக்காகச் சொன்ன முதல் சொல்
அதுவாக இருக்கும்.

கூடை வந்தது. உப்பியிருந்த ஒன்றை
விரலால் அழுத்தினாள், ஆவி விட்டு அடங்கியது.
"இதில் எது நீ?"
"அடியில் கருகியது" என்றேன்.
சிரிக்கவில்லை. ஆனால் கருகியதைப் பிய்த்து
பாதியை என் தட்டில் வைத்தாள்.

பில் இருபத்தொன்று நாற்பது.
சட்டப்படி இந்தக் கடை நோட்டில் ஏறக் கூடாது.
ஏற்றினாள்.
இருபத்து நான்கு: காசு தாண்டியது. நான்: பரவாயில்லை.
அதைத் தலைகீழாய் இந்தப் பக்கமிருந்து
என் மொழியில் படித்துக்கொண்டேன்.

மழை விட்டிருந்தது. கோட்டின் பொத்தானைப் போட்டபடி
மணி பார்த்தேன்.
இரண்டு மணிக்கு, இருதயப் பிரிவில்,
மூன்று படி ஏறினாலே
எனக்கு மூச்சு வாங்கும்.