குழியானை

லென்ஸுக்கு என்னைவிட ஒன்பது வயது கூடுதல்.
கழுத்தைச் சுற்றி எனக்குத் தெரியாத எழுத்தில் பெயர்.
ஓரக் கண்ணாடியில் பூஞ்சை,
வேப்பிலை நரம்பு போல ஒரு கிளை.
"படத்துல தெரியாது" என்றுதான் விற்றவர் சொன்னார்.
தெரியாததை நம்பி ஆயிரத்து எழுநூறு கொடுத்தேன்.

என் கேமராவில் அது உட்காரவில்லை.
அரசரடி லேத்தில் அருளானந்து
பித்தளையில் ஒரு வளையம் கடைந்து தந்தார்.
மரை சரியாகப் பிடிக்க மூன்று தரம் போனேன்.
"கல்யாணம் எடுக்கவா?"
"குழியானை எடுக்க."
கடைசல் சுருள்களை ஊதித் தள்ளிவிட்டு
"அதுக்கு எதுக்குங்க பித்தளை" என்றார்.
முந்நூறு ரூபாய், பேரமில்லை.

இதில் தானாக நடப்பது எதுவும் இல்லை.
துளையை முழுக்கத் திறந்து குறி பார்க்க வேண்டும்.
பிறகு கண்ணை எடுக்காமல்
விரலால் எண்ணி மூட வேண்டும்.
ஒரு சொடுக்கு, இரண்டு... ஐந்தாவதில்
வ்யூஃபைண்டருக்குள் அந்தி இறங்கிவிடும்.
அதற்குமேல் நினைவை வைத்துத்தான் படம்.
தெளிவின் தடிமன் அரை எள்.
வளையத்தைத் திருகினால் தாண்டிப் போய்விடும்,
அதனால் உடம்பையே திருகாக்கி
முன்னே ஒரு மயிரிழை, பின்னே ஒரு மயிரிழை.
மூச்சை நிறுத்தலாம்.
நெஞ்சு அடிப்பதை எங்கே நிறுத்த?

ஞாயிறு, நரசிங்கம்.
ஒத்தக்கடை ரோட்டோரம் வண்டியை நிறுத்தி
எல்லோரும் யானைமலையைத்தான் எடுக்கிறார்கள்:
படுத்த முதுகு, நீட்டிய துதிக்கை,
ஒரு செல்போனுக்குள் முழுசாக.
நான் அதன் காலடியில்
மழை நுழையாத பாறை இடுக்கில்
மாவாய்க் கிடந்த புழுதியில் குப்புறப் படுத்திருந்தேன்.
புனல் புனலாய்ப் பதினாறு குழிகள்.
ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு யானை
தன்னைத்தானே புதைத்துக்கொண்டு
எறும்பு சறுக்கக் காத்திருந்தது.
ஃப்ளாஷுக்கு முன்னால் கட்டியிருந்தேன்
உட்புறம் வெளியே தெரிய மடக்கிய பால் பாக்கெட்.
கழுவியும் போகாத புளிப்பு வாடை.
எறும்புகள் என் பக்கமே வந்தன.

"என்னத்தத் தொலச்சீக?"
நூறுநாள் வேலைக்குப் போகிற பெண்கள் நாலு பேர்,
ஞாயிற்றுக்கிழமை விறகோடு.
நான் மூச்சைப் பிடித்திருந்தேன், பதில் வரவில்லை.
"தோடாத்தான் இருக்கும்" என்றாள் ஒருத்தி.
கட்டுகளை இறக்கிவிட்டு
நால்வரும் குனிந்து தேடத் தொடங்கிவிட்டார்கள்.
தொலையாத தோட்டுக்காக ஏழு குழிகள் தூர்ந்தன.
இரண்டு காதையும் தொட்டுக் காட்டிய பிறகுதான்
நின்றார்கள்.

ராக்காயி, என் வயதுதான் இருக்கும்,
ஒரு துரும்பால் குழியைக் கிளறி
அதைத் தூக்கி உள்ளங்கையில் விட்டாள்.
காய்த்துப்போன கையின் ரேகையில்
அது பின்புறமாகவே நடந்தது.
நானும் பின்னால் நகர்ந்தேன், முழங்கை தேய.
முன்னால் பார்த்துக்கொண்டே
இருவரும் பின்னால் போய்க்கொண்டிருந்தோம்.
"எடுத்தாச்சா? கூசுது."
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு...
ஐந்தாவது சொடுக்கை எண்ணினேனா என்று
இப்போதும் சத்தியம் செய்ய மாட்டேன்.

நிழலுக்குப் போய்ப் பெரிதாக்கிப் பார்த்தோம்,
ஐந்து தலை ஒட்டி.
கொம்பு புகை. கண் புகை.
யானை மொத்தமும் மங்கிய பழுப்பு மேகம்.
கூர்மையாய் விழுந்திருந்தது
கொம்புக்கு முன்னால் ஒட்டிய ஒரே ஒரு மணல்:
பட்டை பட்டையாய், வெளிறிய ரோஸ் நிறத்தில்,
ஒரு முகத்தில் மட்டும் பால் வெளிச்சம்.
ராக்காயி தலையைத் தூக்கி மேலே பார்த்தாள்.
மறுபடி திரைக்குள் பார்த்தாள்.
"மலையத்தான எடுத்திருக்கீக" என்றாள்.

திங்கட்கிழமை.
கண் ஆஸ்பத்திரி, ஏழாம் நம்பர் இருட்டறை.
மேலூரிலிருந்து வந்தவர் நாற்காலியில்.
வில்லையை மாற்றி மாற்றிப் போடுகிறேன்.
"இது தெளிவா இருக்கா... இதுவா?"
அவர் வெகுநேரம் யோசிக்கிறார்.
"ரெண்டுலயும் ஏதோ தெரியுதும்மா."
அவசரமில்லை, பாருங்க என்கிறேன்.