பூஜ்யம்

இணக்க அதிகாரி என்கிறது என் அட்டை.
எளிதில் இணங்காமல் இருப்பதற்குத்தான்
சம்பளம் தருகிறார்கள்.

விண்டர்தூரில், தண்டவாளங்களுக்குப் பின்னால்,
வால்வு செய்யும் கம்பெனி.
நன்னடத்தை விதிகள் அறுபத்திரண்டு பக்கம்.
‘படித்தேன், புரிந்துகொண்டேன்’ பொத்தானை அழுத்த
சராசரியாக மூன்றரை நிமிடம்.
விற்பனைப் பிரிவு பியூலருக்கு நாற்பது விநாடி;
மதிப்பெண் நூற்றுக்கு நூறு.

பரிசுப் பதிவேட்டில்
ஒரு கூடை பேரிக்காய், இரண்டு புட்டி ஒயின்,
திருப்பி அனுப்பிய ஒரு கால்பந்துச் சீட்டு.
மனிதர்கள் இத்தனை சுத்தமாக இருப்பதில்லை.

புகாருக்கென்று ஒரு தொலைபேசி எண் வைத்தோம்.
கழிவறைக் கதவுகளின் உட்புறம் ஒட்டினோம்.
பெயர் கேட்கமாட்டோம், தேடமாட்டோம் என்று
நான்கு மொழிகளில் சத்தியம்.
பதினொரு மாதம் அது அடிக்கவே இல்லை.
அந்தப் பூஜ்யத்தைப் பெரிதாகத் திரையில் காட்டியபோது
நிதித் தலைவர் ஷ்டாடெல்மன்
விரல்மொட்டுகளால் மேசையைத் தட்டிப் பாராட்டினார்,
எல்லோரும் தட்டினார்கள்.
பூஜ்யம் என்றால் தமிழில்
வணங்கத்தக்கது என்றும் பொருள்.
நான் சொல்லவில்லை. வணங்கிக்கொண்டுதானே இருந்தார்கள்.

பிப்ரவரியில் ஒரு வியாழன், மாலை ஐந்தே முக்கால்.
முதலில் வெறும் மூச்சு.
பிறகு ஒரு தொகை:
ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது பிராங்க்.
பத்தாயிரத்தைத் தொட்டால் இரண்டாவது கையெழுத்து வேண்டும்.
இருபது பிராங்க் குறைத்து, ஆலோசனைக் கட்டணம் என்று,
ஏழு முறை,
லுகானோவில் ஒரே கதவிலக்கத்துக்கு.
கையெழுத்து யாருடையது?
குரல் சொன்னது.
எனக்கு அந்த விரல்மொட்டுகள் கேட்டன.

அப்போது, குரலுக்குப் பின்னால்,
பாலை நுரைத்து முடித்த காப்பி எந்திரம்
இரண்டு முறை இருமியது.
கட்டடத்தில் அப்படி இருமுவது ஒன்றுதான், மூன்றாம் மாடியில்.
அந்த நேரத்தில் அங்கே இருப்பவர்கள் மூன்று பேர்.
அந்த மூவரில்

இந்த வரியை நான் முடிக்கப்போவதில்லை.

ஏழு ரசீதுகளும் அறிக்கையில் இருக்கின்றன, தேதியோடு.
ஷ்டாடெல்மனின் வழக்கறிஞர் சூரிக்கிலிருந்து வந்தார்,
மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டார்:
அழைத்தவரைப் பற்றி வேறு ஏதாவது?
பின்னணியில் ஏதாவது சத்தம்?

இல்லை என்றேன்.

பக்கம் பதினேழு, இரண்டாம் பத்தி:
விசாரணையில் அறிந்த எதையும் மறைக்கலாகாது.
நான் எழுதிய பத்திதான்.
ஒரு பின்மதியம் முழுக்கக் காற்புள்ளி பார்த்துப் பார்த்து எழுதியது.

இப்போதெல்லாம் காப்பிக்கு
இரண்டாம் மாடிக்குப் போகிறேன்.
அங்கே சுமாராகத்தான் இருக்கும்.