தீர்ப்பு வராத மேடு

தென் ஆஸ்திரேலியாவில், பர்ரா ஊருக்கு வடக்கே
கோதுமை வயல்களுக்கு நடுவில்
உழாத சரிவு ஒன்று கிடக்கிறது. நூற்றுப்பத்து ஏக்கர்.
பக்தியும் இல்லை, பரிவும் இல்லை காரணம்:
அக்கா தம்பி வழக்கு.

தகப்பன் உயிலில் ஒரு கமா இடம் மாறியிருந்தது.
அந்தச் சந்தில் இருபத்தோரு ஆண்டுகள் நுழைந்துகொண்டன.
மெரின் டிராக்டரை இறக்கினால்
டென்சில் தடையாணை வாங்குவான்.
டென்சில் வேலிக்கம்பு நட்டால்
இரவோடிரவாகப் பிடுங்கி
அவன் வாசலிலேயே அடுக்கிவைப்பாள் மெரின்,
எண்ணிக்கை குறையாமல்.

அவ்வளவு காலமும் மண்ணுக்கடியில்
சிலந்தி தோண்டி, செத்து, விட்டுப்போன
விரலகலக் குழிகளில்
வாடகையில்லாமல் குடியிருந்தது
ஒரு குட்டி அரணை.
தனக்கென்று தோண்டத் தெரியாதது.
நீலநாக்கு என்று பெயர்;
நாக்கோ இளஞ்சிவப்பு.
ஏர் ஒருமுறை கீறினால்
ஊரே இல்லை அதற்கு.

இந்தக் கோடையில் இருவருக்கும் அலுத்துவிட்டது.
முழங்கால் வலியும் வக்கீல் பில்லும் சேர்ந்து
சமாதானம் பேசி முடித்தன. பாதிக்குப் பாதி.
வெள்ளிக்கிழமை கையெழுத்து.
திங்கட்கிழமை உழவு.

வியாழன் மதியம் கணக்கெடுக்க வந்தாள் நெரிடா,
நுனியில் கேமரா வைத்த வளைகுழாயோடு.
முதல் குழியில் சிலந்தி.
அடுத்த ஐந்தில் வெறும் இருட்டு.
ஏழாவதில் "பாருங்களேன்" என்றாள்.

உள்ளங்கையளவு திரைமேல்
இரண்டு நரைத்த தலைகள் குனிந்தன.
தகப்பன் சவப்பெட்டிக்குப் பிறகு
இவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை அவை.

உள்ளே ஒரு முகம். பின்வாங்கவில்லை.
யாரது என்று வீட்டுக்காரியாய் வாய் திறந்தது.
அதற்கும் கீழே
இரண்டு சின்ன வால்கள்.

கடிக்க வந்ததையே மறந்துபோகும் என்று
என் மொழி பழிபோட்ட இனம்.
குனிந்திருந்தவர்களோ
எதையும் மறந்தவர்கள் இல்லை.

டென்சில் தொப்பியைக் கழற்றித் தூசி தட்டினான்.
"கிழக்குப் பக்கம் முழுக்க எனக்கு வேண்டும்."
கிழக்குப் பக்கம்தான் ஏற்கெனவே
அவன் பெயரில் எழுதியிருந்தது.

மெரின் அவனை ஒரு கணம் பார்த்தாள்.
"செத்தாலும் தரமாட்டேன்."

வெள்ளிக்கிழமை வக்கீல் காத்திருந்து
தேநீர் இரண்டு கோப்பை தானே குடித்தார்.
சனிக்கிழமை மேட்டில்
புதிதாக ஒரு வேலிக்கம்பு,
குழிகளைத் தவிர்த்து
மிகக் கவனமாக நடப்பட்டிருந்தது.

ஞாயிறு காலை
அது டென்சில் வாசலில் கிடந்தது.