உள்ளேன்

காற்று எப்போதும் மேற்கிலிருந்துதான் வரும்.
கைமானில் சைக்கிள் வைத்திருந்த எல்லோருக்கும்
இது தெரியும், ஒஸ்மாரைத் தவிர.
சனிக்கிழமை மதியம் கடலுக்குக் கிளம்புவோம்,
நாற்பது கிலோமீட்டர்.
பெடலை மிதிக்கவே வேண்டாம்.
சட்டைப் பொத்தான்களைக் கழற்றி
இரண்டு கையாலும் விரித்துப் பிடிப்பான்,
உப்பிக்கொண்டு போகும்.
"பார்த்தாயா ஃப்லாக்கோ, எல்லாம் இலவசம்!"

திரும்பும்போது அதே காற்று
முகத்தில் மணலை அள்ளி வீசும்.
ராவ்சன் தாண்டுவதற்குள் இருட்டிவிடும்,
இறங்கித் தள்ளுவோம்.
ஒருமுறை வாய்க்காலோரம்
பாப்லர் மரங்களுக்கு அடியில் படுத்தேவிட்டான்.
வருவதற்கென்று கொஞ்சம் மிச்சம் வைக்க மாட்டாயா என்றேன்.
"அதையெல்லாம் யோசித்தால் எவன்டா கிளம்புவான்?"
அப்போது அது பெரிய வாசகமாகத் தோன்றவில்லை.
பசி. போதாததற்கு
என் பம்ப்பை வேறு எங்கோ தொலைத்திருந்தான்.

இத்துர்பே டீச்சர் தலைநிமிராமல் பெயர் கூப்பிடுவார்.
திங்கட்கிழமைகளில் ப்ரோபெர்ட் ஒஸ்மார்
சுபூட் ஆற்றில் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பான்.
நான் குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கி
உள்ளேன் என்பேன்.
அடுத்த பெயர் என்னுடையது.
சொந்தக் குரல் உடனே திரும்பி வராது,
இருமிச் சமாளிப்பேன்.
ஒரே வருடத்தில் பதினேழு நாள்
நான் இரண்டு பேராக இருந்திருக்கிறேன்.

எண்பத்திரண்டு, மே.
சான் ஹூலியனிலிருந்து கிழக்கே,
காற்று முதுகில்.
இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.
கூட்டுறவுக் கிடங்கில் கம்பளி மூட்டைக்கு
எடை போட்டுக்கொண்டிருந்தேன்.
ரேடியோவில் 'நமது விமானங்கள் அனைத்தும்'
என்று தொடங்கிய வாக்கியம் கரகரப்பில் அறுந்தது.
வெளியே வந்து பார்த்தேன்.
பாப்லர்கள் கடல் பக்கமாக வளைந்து நின்றன,
அன்று பூராவும் நிமிரவேயில்லை.

அடுத்த வருடம் அவன் படைப்பிரிவிலிருந்து ஒருவர் வந்தார்.
கோட்டைக் கழற்றவில்லை, தேநீர் ஆறிப்போயிற்று.
குண்டு போட்டுத் திரும்பியிருக்கிறான், அதுவரை தெரியும்.
டேங்கில் ஓட்டை.
நடுவானில் எண்ணெய் ஊட்டும் விமானம்
வரக்கூடாத தூரம் வரை வந்து காத்திருந்ததாம்.
கடைசியாக என்ன சொன்னான் என்று கேட்டேன்.
எதிர்க்காற்று பற்றி ஏதோ, என்றார்.
சிரித்த மாதிரியும் இருந்ததாம்.
ஒயர்லெஸ் இரைச்சலில் நிச்சயமாகச் சொல்ல முடியாதாம்.

அந்தக் கப்பலிலும் ஆட்கள் இருந்தார்கள்.
அதை எங்கே வைப்பதென்று
இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.
செங்கல் தேவாலயத்தில், கேக்குக்காக,
நான் அர்த்தம் தெரியாமல் அவனோடு பாடிய
வேல்ஷ் பாட்டு
அதில் எவனோ ஒருவனுக்குத்
தாய்ப்பாலோடு வந்ததாக இருக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் இப்போது அவன் படம் இருக்கிறது.
உடைந்த முன்பல்லை முழுசாக்கிவிட்டார்கள்.
என் சைக்கிள் கைப்பிடியில் மோதி உடைந்த பல் அது.
ஸ்டுடியோக்காரருக்கு எப்படித் தெரியும்.

ஏப்ரல் இரண்டாம் தேதி தோறும் முற்றத்தில்
பெயர் கூப்பிடுவார்கள்.
ப்ரோபெர்ட், ஒஸ்மார்.
அவனைப் பார்த்தேயிராத
வெள்ளை மேலங்கிப் பிள்ளைகள், மேயர்,
ட்ரம்பெட்டை அக்குளில் இடுக்கிய பையன்,
எல்லோரும் ஒரே குரலில்:
உள்ளேன்.

நாற்பது வருடமாக நான் மட்டும் வாயைத் திறப்பதில்லை.
பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.
யுத்தத்தைப் பற்றி எனக்கு ஏதோ கருத்து
இருப்பதாக நினைக்கிறார்கள். இருக்கிறது, ஆனால் இது அதில்லை.
அந்தச் சொல்லை அவன் குரலில் சொல்ல
இன்னும் என்னால் முடியும்.
சொன்ன நாளிலெல்லாம்
அவன் எங்கோ தண்ணீரில் கால் நனைத்தபடி
உட்கார்ந்திருந்தான்.
சாயங்காலம் இரண்டு மீனைக் கம்பியில் கோத்து
எங்கள் வீட்டுப் பின்வாசலில் வந்து நிற்பான்.
ஒன்றை என்னிடம் நீட்டி
தாழ்ந்த குரலில் கேட்பான்:
என்னைத் தேடினார்களா?